ஈவ்லின் பிராண்ட்

ஈவ்லின் பிராண்ட் (1879 – 1974) இங்கிலாந்தில் பிறந்து, தமிழ்நாட்டின் கொல்லிமலையிலும் அதனைச் சூழ்ந்த மலைத்தொடர்களிலும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் மலைவாழ் மக்களிடையே பணியாற்றிய கிறித்தவ மறைப்பணியாளர் ஆவார். நோயாளர் பராமரிப்பு, சிறு மருத்துவம், சுகாதாரக் கல்வி ஆகியன இவரது அன்றாடப் பணிகளாக இருந்தன. முதுமையில் "பிராண்ட் பாட்டி" என்ற பெயரால் பரவலாக அறியப்பட்டார். தொழுநோயாளருக்கான கை, கால் சீரமைப்பு அறுவை மருத்துவத்தின் முன்னோடியான மருத்துவர் பால் பிராண்ட் இவரது மகன்.

இவர் மருத்துவப் பட்டமோ செவிலியர் பட்டமோ பெற்றவர் அல்லர். இளமையில் ஓவியம் கற்றவர். எனினும் மருத்துவமனையும் சாலையும் இல்லாத மலையூர்களில் நடந்தும் மட்டக்குதிரையில் ஏறியும் சென்று, ஒரு செவிலியர் செய்யவேண்டிய பணியைத் தம் 95 ஆம் வயது வரை செய்தார். மலை, காடு, திறந்தவெளி ஆகியவற்றின் மீது இவர் கொண்டிருந்த ஈடுபாடும் இவரது மருத்துவப் பணியும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க இயலாதவை. மலையில் நடக்க விரும்பாத ஒருவரால் அக்காலத்தில் அப்பணியைச் செய்திருக்க முடியாது.

இளமை

ஈவ்லின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் என்பது இவரது இயற்பெயர். இலண்டன் மாநகரின் செயின்ட் ஜான்ஸ் உட் பகுதியில் வசதியான வணிகக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தார். ஓவியக் கலையை முறையாகப் பயின்றார். இயற்கைக் காட்சிகளை வரைவதில் இவருக்கு ஆர்வம் மிகுதி. அக்காலத்து இலண்டன் செல்வக் குடும்பப் பெண்களுக்கு உரிய நல்லாடைகளும் விருந்துகளும் நிறைந்த வாழ்க்கையே இவருக்கும் அமைந்திருந்தது.

முப்பது வயதைக் கடந்தபின் இந்தியாவிற்குச் சென்று மறைப்பணி ஆற்ற முடிவு செய்தார். 1910களின் தொடக்கத்தில் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்னும் அமைப்பின் சார்பில் சென்னை வந்து சேர்ந்தார். அதே அமைப்பைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட் என்பவர் 1907 முதல் இந்தியாவில் பணியாற்றி வந்தார். கட்டடத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி, இந்தியா வருமுன் இலண்டனில் இருந்த லிவிங்ஸ்டன் கல்லூரியில் வெப்பமண்டல நோய்களுக்கான அடிப்படை மருத்துவப் பயிற்சியை ஓராண்டு பெற்றிருந்தார். இருவருக்கும் 1913 இல் சேந்தமங்கலத்தில் திருமணம் நடைபெற்றது. சேந்தமங்கலம் கொல்லிமலையின் அடிவாரச் சமவெளியில் உள்ள ஊர். அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது.

கொல்லிமலை

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. நாமக்கல், சேந்தமங்கலம், இராசிபுரம் ஆகிய ஊர்களின் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்து, மேலே 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமுமான நிலப்பரப்பாக விரிகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை எனச் சங்க இலக்கியம் இதனைக் குறிப்பிடுகிறது. அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாயகங்கை அருவியும் இங்குள்ளன.

இம்மலையில் வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பழங்குடியினர். இப்பெயர் மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்குவது. கேரள மக்களைக் குறிப்பதன்று. இவர்கள் தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகக் கூறும் மரபுக்கதை இவர்களிடம் உண்டு. சாமை, தினை, கேழ்வரகு போன்ற சிறுதானியங்களும், ஓடைகளை ஒட்டிய படிக்கட்டு வயல்களில் நெல்லும் விளைந்தன. ஊர்கள் "நாடு" என்னும் பிரிவுகளாகத் தொகுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றாகிய வாழவந்தி நாட்டில்தான் பிராண்ட் குடும்பத்தினர் குடியேறினர்.

அக்காலத்தில் கொல்லிமலைக்கு வண்டிச் சாலை கிடையாது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட இன்றைய மலைச்சாலை மிகப் பிற்காலத்தது. அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் பல மணிநேரம் ஏறவேண்டும். நடக்க இயலாதோரை டோலியில் வைத்துச் சுமந்து சென்றனர். மலேரியாக் காய்ச்சலுக்கு இம்மலை பெயர்பெற்றிருந்தது. இதனால் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டைப் போல ஐரோப்பியர் விரும்பித் தங்கும் கோடை வாழிடமாகக் கொல்லிமலை வளரவில்லை.

ஜெஸ்ஸி தாமே திட்டமிட்ட மரவீடு ஒன்றின் பகுதிகள் சமவெளியில் அறுத்து ஆயத்தம் செய்யப்பட்டு, ஆட்களின் தலைச்சுமையாக மலைக்குக் கொண்டுவரப்பட்டன. கரையானிடமிருந்து காக்கும் பொருட்டு அவ்வீடு தூண்களின் மேல் நிறுத்தப்பட்டது. மின்சாரமோ குழாய்நீரோ இல்லாத அவ்வீட்டில்தான் ஈவ்லினின் குடும்ப வாழ்க்கை தொடங்கியது.

மலையில் மருத்துவப் பணி

பிராண்ட் தம்பதியர் சமயப் பரப்புரைக்காகவே மலைக்குச் சென்றனர். ஆனால் அவர்களிடம் மக்கள் முதலில் நாடி வந்தது மருந்துக்காகவே. காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்தல், புண்களைக் கழுவிக் கட்டுதல், சீழ்க்கட்டிகளைக் கீறிவிடுதல், பல் பிடுங்குதல் ஆகியவை அன்றாட வேலைகளாயின. வீட்டுத் திண்ணைக்கு வந்தோர் சிலர். வர இயலாதோர் பலர். ஆகவே இருவரும் ஊர் ஊராகச் சென்றனர். பள்ளி நடத்துதல், தச்சு வேலை முதலிய கைத்தொழில்களைக் கற்பித்தல், பயிர்த்தொழிலில் புதிய முறைகளை அறிமுகப்படுத்தல் ஆகியவற்றிலும் ஈடுபட்டனர்.

தொழுநோயாளர்களும் இவர்களைத் தேடி வந்தனர். அந்நோய்க்கு அன்று உறுதியான மருந்து இல்லை. தம் தந்தை கையுறை அணிந்து அத்தகையோரின் கால் புண்களைக் கழுவிக் கட்டியதையும், குழந்தைகள் அருகில் செல்லாதவாறு தாய் தடுத்ததையும் பால் பிராண்ட் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

நரம்புச் சிலந்தி நோய்

கொல்லிமலையில் அன்று பரவலாக இருந்த கொடிய நோய்களுள் ஒன்று நரம்புச் சிலந்தி. கினிப்புழு நோய் என்றும் இது அழைக்கப்படும். இந்நோய் பரவும் முறையை அறிந்தால்தான் இம்மலையில் நடந்த பணியின் தன்மை விளங்கும்.

இப்புழுவின் இளவுயிரிகள் தேங்கிய நீரில் வாழும் சைக்ளோப்ஸ் என்னும் நுண்ணுயிரியின் உடலுக்குள் வளர்கின்றன. அந்நீரை வடிகட்டாமல் குடிப்போரின் உடலில் புழு நுழைந்து, ஏறத்தாழ ஓராண்டில் ஒரு மீட்டர் நீளம் வரை வளர்கிறது. பின்னர் பெரும்பாலும் காலில் ஒரு கொப்புளத்தை உண்டாக்கி வெளிவரத் தொடங்குகிறது. தாங்கமுடியாத எரிச்சலைத் தணிக்க நோயாளி காலை நீரில் வைப்பார். அப்போது புழு ஆயிரக்கணக்கான இளவுயிரிகளை அந்நீரில் விடுகிறது. அதே நீரைக் குடிப்போருக்கு அடுத்த ஆண்டில் நோய் வருகிறது. மக்கள் காலை நனைத்து இறங்கி நீர் முகக்கும் கிணறுகளும் ஊற்றுக்குழிகளும் இச்சுழற்சிக்கு ஏற்ற இடங்களாயின.

இந்நோய்க்கு அன்றும் இன்றும் தடுப்பூசி இல்லை. புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. வெளிவந்த முனையைச் சிறு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிதளவாகப் பல நாட்கள் பொறுமையாக இழுப்பதே மருத்துவம். அவசரப்பட்டு இழுத்தால் புழு அறுந்து, உள்ளே தங்கிய பகுதி அழுகிச் சீழ்பிடிக்கும். அத்தகைய சீழ்க்கட்டி ஒன்றைத் தந்தை கீறியதைக் கண்டு அருவருப்புற்ற சிறுவன் பால், தான் ஒருபோதும் மருத்துவனாவதில்லை என்று எண்ணினான்.

பிராண்ட் தம்பதியர் குச்சியில் சுற்றி எடுப்பதோடு நிற்கவில்லை. கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பவும், யாரும் நீருக்குள் கால் வைக்காமல் வாளியால் இறைக்கவும் ஊராரிடம் வலியுறுத்தினர். சுவர் கட்டுவது ஒருநாள் வேலை. நீரில் இறங்கும் வழக்கத்தை மாற்றுவதோ பல ஆண்டு வேலை. கணவரின் மறைவுக்குப் பின் ஈவ்லின் அவ்வேலையைத் தொடர்ந்தார். இவர் சென்றுவந்த மலைகளில் இந்நோய் மறைந்ததற்கு இவரது விடாமுயற்சி ஒரு முக்கியக் காரணம் என்று பால் பிராண்ட் எழுதியுள்ளார்.

பிற்கால வரலாறு இந்த வழிமுறை சரியானது என்பதைக் காட்டுகிறது. இந்திய அரசு 1980களின் தொடக்கத்தில் நாடு தழுவிய கினிப்புழு ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பாதுகாப்பான குடிநீர், நீரை வடிகட்டல், நோயாளி நீரில் இறங்காமல் தடுத்தல் ஆகியனவே அதன் கருவிகள். இந்தியாவின் கடைசி நோயாளி 1996 இல் கண்டறியப்பட்டார். 2000 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவைக் கினிப்புழு நோயற்ற நாடாகச் சான்றளித்தது. உலகம் முழுவதும் 1980களின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 35 இலட்சம் பேரைத் தாக்கிய இந்நோய், 2023 இல் 14 பேரிடம் மட்டுமே பதிவானது.

இன்ஃப்ளுவென்சா கொள்ளைநோய்

1918 இல் தொடங்கிய இன்ஃப்ளுவென்சா கொள்ளைநோய் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அந்நோய் கொல்லிமலையையும் எட்டியது. முழுக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் படுத்தன. உணவு சமைக்கவும் நீர் கொண்டுவரவும் ஆளில்லாமையால், நோயினால் இறந்தோருடன் பசியாலும் தாகத்தாலும் சோர்ந்து இறந்தோரும் இருந்தனர். நோய்க்கு அஞ்சி உறவினரே விலகிச் சென்றனர்.

பிராண்ட் தம்பதியரிடம் இந்நோய்க்கு மருந்து எதுவும் இல்லை. அவர்கள் பெரும் பானைகளில் அரிசிக்கஞ்சி காய்ச்சி, ஊர் ஊராக எடுத்துச் சென்று, எழ இயலாதோருக்குக் கரண்டியால் ஊட்டினர். நீரும் உணவும் கொடுத்து, நோயாளியைத் தூய்மையாக வைத்துக் காத்திருத்தல் என்பது செவிலியப் பணியின் அடிப்படை. மருந்தில்லாத நோயில் உயிர்பிழைப்பதற்கு அதுவே துணையாகும்.

இவர்களது சமயப் பணியைக் கடுமையாக எதிர்த்து வந்த உள்ளூர்ப் பூசாரி ஒருவரும் இந்நோயால் படுத்தார். அவரையும் பிராண்ட் தம்பதியர் கவனித்தனர். தம் முடிவு நெருங்கியதை உணர்ந்த அவர், தம் கைக்குழந்தையான மகளை இவர்களிடம் ஒப்படைத்தார். அக்குழந்தை பிராண்ட் குடும்பத்தில் வளர்ந்தது. அதுவரை இவர்களிடம் மருந்து வாங்கினாலும் சமயத்தில் நெருங்காதிருந்த மலைமக்களில் சிலர், இந்நிகழ்வுக்குப் பின்னரே கிறித்தவத்தைத் தழுவத் தொடங்கினர்.

திறந்தவெளி வாழ்க்கை

ஈவ்லினுக்கு மலை ஒரு பணியிடம் மட்டுமன்று. தாம் கற்ற ஓவியக் கலையை இங்கே கைவிடாமல், பள்ளத்தாக்குகளையும் மாலை வானத்தையும் தொடர்ந்து வரைந்தார்.

இவரது மகன் பால் 1914 சூலையிலும், மகள் கோனி அதன்பின் சில ஆண்டுகளிலும் பிறந்தனர். மலையில் ஆங்கிலப் பள்ளி இல்லாமையால் தாயே ஆசிரியரானார். வீட்டுக்குள் அமர்ந்து படிக்க மறுத்த மகனை இவர் மரத்தின் மேல் அமர்ந்து படிக்க விட்டார். பால் கிளையில் இருந்தபடியே கணக்குகளைச் செய்து தாளைக் கீழே போடுவான். தாய் கீழிருந்து திருத்துவார். பூச்சி, பறவை, கரையான் புற்று ஆகியவற்றைக் கூர்ந்து நோக்கும் பழக்கத்தைத் தந்தையும், நிறங்களையும் ஒளியையும் காணும் பழக்கத்தைத் தாயும் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர்.

இந்த மலைக் குழந்தைப்பருவத்தின் தாக்கத்தைப் பால் பிராண்ட் பின்னாளில் எழுதிய "ஒரு கைப்பிடிச் சேறு" என்னும் பொருள்படும் தலைப்பைக் கொண்ட கட்டுரையில் காணலாம். படிக்கட்டு வயலில் தவளை பிடித்து விளையாடிச் சேற்றைக் கலக்கிய சிறுவர்களை, வயல்களின் நீர்மடைகளைக் காத்துவந்த தாத்தா ஒருவர் கண்டிக்கிறார். ஒரு கைப்பிடிச் சேறு கீழே ஒழுகிச் சென்றால் அது மலைக்குத் திரும்பி வராது என்று விளக்குகிறார். காடழிப்பால் மலைகளின் மேல்மண் அரித்துச் செல்லப்படுவதைப் பற்றிய எச்சரிக்கையாக அக்கட்டுரை அமைந்துள்ளது. மலைமக்கள் பிராண்ட் குடும்பத்தினரிடமிருந்து பெற்றவற்றைப் போலவே, அக்குடும்பமும் மலைமக்களிடமிருந்து கற்றுக்கொண்டவை உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

பிரிவும் கணவரின் மறைவும்

1923 இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. பிள்ளைகள் இருவரையும் கல்விக்காக இலண்டனில் உள்ள தம் சகோதரியரிடம் விட்டுவிட்டு, ஈவ்லினும் ஜெஸ்ஸியும் கொல்லிமலைக்குத் திரும்பினர். அடுத்த விடுமுறையில் மீண்டும் சந்திப்பதாக இருந்தது. கப்பல் வழியே வந்த கடிதங்களே பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே தொடர்பாக இருந்தன.

1929 சூன் மாதத்தில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். இது கடுமையான மலேரியாவின் விளைவாகச் சிவப்பணுக்கள் பெருமளவில் சிதைந்து, சிறுநீர் கருநிறமாக வெளியேறும் நிலையாகும். அப்போது அவருக்கு வயது 44. வாழவந்தியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். இறப்புச் செய்தி தந்தி மூலம் இலண்டனை அடைந்தது. அதற்கு முன் எழுதி அஞ்சலில் இட்டிருந்த ஜெஸ்ஸியின் கடிதங்கள் அதன் பின்னரும் மகனுக்கு வந்துகொண்டிருந்தன.

ஈவ்லின் இங்கிலாந்து சென்று பிள்ளைகளைக் கண்டார். ஐம்பது வயதான தாயின் தோற்றம், மலையும் துயரும் சேர்ந்து அவரை எவ்வளவு மாற்றிவிட்டன என்பதைக் காட்டியதாக மகன் எழுதியுள்ளார். குடும்பத்தார் அவரை அங்கேயே இருக்க வேண்டினர். அவர் மீண்டும் இந்தியா திரும்பினார்.

ஓய்வுபெற மறுத்தல்

கணவருடன் சேர்ந்து ஈவ்லின் வகுத்த திட்டம் கொல்லிமலையோடு முடிவதன்று. சேலம், நாமக்கல் சமவெளியைச் சுற்றிலும் மலைகள் பல உள்ளன. இராசிபுரத்தை ஒட்டிப் போதமலையும், கிழக்கே பச்சைமலையும், வடகிழக்கே கல்வராயன் மலையும், வடக்கே சித்தேரி மலையும் உள்ளன. இப்பகுதியின் ஐந்து மலைத்தொடர்களுக்கும் பணியைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது இருவரின் எண்ணமாக இருந்தது.

1940களின் இறுதியில், ஈவ்லின் எழுபது வயதை நெருங்கிய நிலையில், அவரது அமைப்பு மேலும் ஒரு பணிக்காலத்தை வழங்க மறுத்தது. ஓராண்டு மட்டும் நீட்டித்துத் தருமாறு கேட்டுப் பெற்றார். அந்த ஓராண்டு முடிந்ததும் முறைப்படி ஓய்வுபெற்றார். தாம் இங்கிலாந்து திரும்பப்போவதில்லை என்றும், சொந்தப் பொறுப்பில் மலைக்கே செல்லப்போவதாகவும் அப்போது அறிவித்தார். அமைப்பின் ஊதியமோ ஆதரவோ இன்றி, கல்வராயன் மலை உள்ளிட்ட மலைகளில் சிறு குடிசை அமைத்துத் தங்கிப் பணியைத் தொடங்கினார். அமைப்பின் கணக்கில் முடிந்துபோன இவரது பணி, அதன்பின் ஏறத்தாழ 26 ஆண்டுகள் நீடித்தது.

இக்காலத்தில் மகன் பால் மருத்துவராகி, 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றிருந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலியுணர்வு இழந்தமையால் ஏற்படும் காயங்களே உறுப்பிழப்புக்குக் காரணம் என்பதை அவர் நிறுவினார். மகன் புகழ்பெற்ற மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், தாய் மருத்துவமனையே இல்லாத மலைகளில் மருந்துப்பெட்டியுடன் அலைந்துகொண்டிருந்தார்.

முதுமை

மலைப்பாதைகளில் இவர் மட்டக்குதிரையின் மீது பயணம் செய்தார்; மருந்துப்பெட்டி பின்னால் கட்டப்பட்டிருக்கும். குதிரையிலிருந்து விழுந்து பலமுறை காயமடைந்தார். 75 வயதளவில் தம் குடிசையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இரவு முழுவதும் தரையிலேயே கிடந்தார். மறுநாள் காலையில் வேலையாள் ஒருவர் வந்து கண்டார். நான்கு பேர் கயிற்றுக்கட்டிலில் வைத்து மலைப்பாதை வழியே சமவெளிக்குச் சுமந்து வந்தனர். அங்கிருந்து கரடுமுரடான சாலையில் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் ஜீப்பில் கொண்டுசெல்லப்பட்டார்.

மகன் அவரை மலைவாழ்க்கையை விட்டுவிடுமாறு வேண்டினார். அருகில் மருத்துவ உதவி இல்லாததையும், அடுத்தமுறை விழுந்தால் நேரக்கூடியதையும் எடுத்துச் சொன்னார். தேவைப்படும் இடத்தில் பயன்படாத உடலைப் பாதுகாத்து வைத்து என்ன பயன் என்பதே தாயின் மறுமொழியாக இருந்தது. உடல் தேறியதும் மலைக்குத் திரும்பினார். அதன்பின் இரு மூங்கில் கோல்களை ஊன்றியே நடந்தார். தம் கடைசி இருபது ஆண்டுகளில் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை.

தாயை மலையில் கடைசியாகக் கண்ட காட்சியொன்றைப் பால் பிராண்ட் விவரித்துள்ளார். ஊரைச் சுற்றிய தாழ்வான கல்சுவரின் மீது இவர் அமர்ந்திருக்கிறார். ஊரார் நாற்புறமும் நெருங்கி அமர்ந்து, அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். சுருக்கம் விழுந்த அம்முகத்தில் அவ்வூரார் கண்டது முதுமையை அன்று என்று அவர் குறிப்பிடுகிறார்.

மறைவு

ஈவ்லின் பிராண்ட் 1974 டிசம்பரில் தம் 95 ஆம் வயதில் காலமானார். கொல்லிமலையில், 45 ஆண்டுகளுக்கு முன் கணவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தின் அருகிலேயே இவரும் அடக்கம் செய்யப்பட்டார். அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் எழுதிய இவரது வாழ்க்கை வரலாறு 1976 இல் வெளியானது.

காலப் பின்னணி

ஈவ்லினின் பணி நடந்த காலத்தில் தமிழ்நாட்டில் முறையான செவிலியக் கல்வி இல்லாமலில்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871 இலேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909 இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். செவிலியர், மருத்துவச்சியர் ஆகியோரைப் பதிவுசெய்வதற்கான சென்னை மாகாணச் சட்டம் 1926 இல் வந்தது. 1946 இல் வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது.

ஆயினும் பயிற்சிபெற்ற செவிலியர் பெரும்பாலும் நகர மருத்துவமனைகளிலேயே பணிபுரிந்தனர். சிற்றூர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேண்டும் என்று போர் குழு 1946 இல் பரிந்துரைத்தது. 1952 முதலே அவை படிப்படியாக அமைக்கப்பட்டன. மலைகளை அவை எட்ட மேலும் பல காலம் ஆயிற்று. இந்த இடைவெளியில்தான் ஈவ்லின் போன்றோரின் பணி நடந்தது. இன்று கொல்லிமலையில் செம்மேட்டில் அரசு மருத்துவமனை உள்ளது. எனினும் அருகிலுள்ள போதமலைக்கு 2020களில்தான் சாலை அமைக்கும் பணிகள் தொடங்கின. அதுவரை அம்மலையின் நோயாளிகளும் கருவுற்ற பெண்களும் தூளி கட்டியே அடிவாரத்திற்குச் சுமந்து வரப்பட்டனர்.

மதிப்பீடு

ஈவ்லினின் பணியில் சமயப் பரப்புரையும் மருத்துவமும் கலந்தே இருந்தன. அவரே அவற்றை வேறுபடுத்திக் காணவில்லை. மறைப்பணியாளர்களின் இத்தகைய மருத்துவப் பணியைத் தொண்டு எனப் போற்றுவோரும், மதமாற்றத்திற்கான வழி எனக் குறைகூறுவோரும் உண்டு. இவரைப் பற்றி அச்சில் உள்ள செய்திகளில் பெரும்பகுதி மகனின் நூல்களிலிருந்தும் கிறித்தவ வெளியீடுகளிலிருந்தும் கிடைப்பவை. இவரது மூட்டையைச் சுமந்தோர், கிணற்றுச் சுவரைக் கட்டியோர், கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தோர் ஆகிய மலைமக்களின் பெயர்கள் அவற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றன. இவரது பணி அவர்களது உழைப்பையும் சேர்த்தே அமைந்தது.

மருத்துவ வரலாற்றில் ஈவ்லின் பிராண்ட் புதிய சிகிச்சை எதையும் கண்டுபிடித்தவர் அல்லர். பெரும்பாலும் பால் பிராண்டின் தாய் என்ற அளவிலேயே குறிப்பிடப்படுகிறார். ஆனால் நரம்புச் சிலந்தி நோய் போன்றவை மருந்தால் அன்றி, ஒரே செய்தியை ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுசென்ற மனிதர்களாலேயே ஒழிக்கப்பட்டன. இப்பணிக்கு நீண்ட காலமும், ஊராரின் நம்பிக்கையும், நடக்கும் விருப்பமும் வேண்டும். அம்மூன்றும் இவரிடம் இருந்தன.

காலக்கோடு

1879 – இலண்டனில் பிறப்பு
1913 – சேந்தமங்கலத்தில் ஜெஸ்ஸி பிராண்டுடன் திருமணம், கொல்லிமலையில் குடியேற்றம்
1914 – மகன் பால் பிறப்பு
1923 – குடும்பத்துடன் இங்கிலாந்து பயணம்
1929 – ஜெஸ்ஸி பிராண்ட் மறைவு
1940களின் இறுதி – அமைப்பிலிருந்து ஓய்வு, தனித்து மலைப்பணி
1974 – மறைவு

இவற்றையும் பார்க்க

கொல்லிமலை
பால் பிராண்ட்
நரம்புச் சிலந்தி நோய்
வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி
கல்வராயன் மலை